வாவு முகம்மது கோல்ஃப் பழகியது

தேவிபட்டினம் கடைத்தெருவில் வலைக்கடை வைத்திருந்த வாவு முகம்மது, அறுபது வயதை நெருங்கும்போது கைபேசியில் கோல்ஃப் விளையாடப் பழகினார். மகனிடம் போய்ச் சேர அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

கடை பெரியதில்லை. நைலான் கயிற்றுச் சுருள்களும் நரம்பு வலையும் மிதவையும் ஈயக்குண்டும் வாசல்வரை வந்து கிடக்கும். நவபாஷாணக் கோயிலுக்கு வருகிறவர்கள் கடலில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவார்கள். வாவு இளவயதில் தூத்துக்குடித் தோணிகளில் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போய்வந்தவர். கல்யாணமான புதிதில் காலிதா, “கடல்ல கிடந்தது போதும், கரைக்கு வாங்க” என்று ஒரே ஒருமுறை சொன்னாள். வந்துவிட்டார். அவள் சொன்னால் தட்டமாட்டார் என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது.

மகன் ஃபஹத் கத்தாரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தான். இரவு வேலை. காலையில் அறைக்குத் திரும்பியதும் உம்மாவைக் கூப்பிடுவான். அரைமணி நேரம் பேசுவான். நேற்றுச் சோற்றுக்கு என்ன ஆணம், எந்த மீன் கிடைத்தது, தங்கை மாஷிதா வந்தாளா, பூனை குட்டி போட்டதா என்று எல்லாம் கேட்பான். வாப்பாவிடம் பேச அவ்வளவு இருக்காது.

“நல்லா இருக்கியாலே?”

“இருக்கேன் வாப்பா.”

“சாப்டியா?”

“சாப்டேன். உம்மாட்டக் குடுங்க.”

அந்த வீட்டில் அது குறையாகவே தெரிந்ததில்லை. மகன் பேசுவதை எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதே வாவுக்குப் போதுமாக இருந்தது.

காலிதாவுக்கு வயிற்றுவலி என்று ஆரம்பித்தது. ராமநாதபுரத்தில் பார்த்து, மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் கணையம் என்றார்கள். ரொம்பத் தள்ளிப்போய்விட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். திரும்பி வரும்போது காரில் காலிதா கண்ணை மூடியபடி வந்தாள். திருப்புவனம் தாண்டியதும் கண்ணைத் திறந்தாள்.

“ஃபஹத்துட்ட சொல்லிராதீங்க.”

“சொல்லாம எப்படி?”

“அவன் கம்பெனி மாறுற நேரம். இப்பக் கிளம்பி வந்தான்னா திரும்பப் போக முடியாது. நாலு வருசமா அந்த வேலைக்கு நாயா அலைஞ்சிருக்கான். எனக்காகக் கெட்டுப் போக வேணாம். அடக்கம் முடிஞ்ச பொறவு சொல்லுங்க.”

“அப்படிப் பேசாத.”

“ஆணையா சொல்லுங்க. மாஷிதாட்டக்கூட நான் சொன்னேன்னு சொல்லக்கூடாது. அவ வாயில நிக்காது.”

வாவு அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார். அவள் சொன்னதைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை.

அதன்பிறகு தினமும் காலையில் ஒரு நாடகம் நடந்தது. காலிதாவுக்கு நல்ல சேலையாக எடுத்துக் கட்டிவிட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்த்தி வைப்பார்கள். அவளால் போனைத் தூக்க முடியாது. வாவு பிடித்துக்கொள்வார். திரையில் அவர் கை தெரியாது. குரல் போய்விட்டதே என்று ஃபஹத் கேட்டால் சளி என்பாள். மெலிந்துவிட்டாயே என்றால் நோன்பு வைத்தது என்பாள். பேசி முடித்ததும் அப்படியே சாய்ந்துவிடுவாள். மாஷிதா அடுத்த தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தினமும் வந்து பார்த்துவிட்டு அடுப்படியில் போய் அழுவாள். “காக்காட்ட சொல்லுங்க வாப்பா” என்று அண்ணனுக்காகக் கெஞ்சுவாள். “சொல்லக்கூடாது” என்பார் வாவு. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். இது வாப்பாவின் பிடிவாதம் என்று அவள் நினைத்தாள்.

காலிதா ஒரு விடியற்காலையில், ஸுபுஹு பாங்கு முடிந்த கொஞ்ச நேரத்தில் மவுத்தாகிப் போனாள். வீடு நிறையச் சனம். வெளியே பள்ளிவாசல் ஜமாஅத்தார் மத்தியான லுஹர் தொழுகைக்கே அடக்கிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது அவள் தலைமாட்டில் கிடந்த போன் அடித்தது. திரையில் ஃபஹத்தின் படம். வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பான். வாவு போனைக் கையில் எடுத்தார். அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மறுபடியும் ஓயும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கபுரில் மண் தள்ளிவிட்டு வந்து, கைகூடக் கழுவாமல், அவரே மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஃபஹத் கேட்டான்.

“எத்தனை நாளா வாப்பா?”

சொன்னார்.

“ஊருக்கெல்லாம் தெரியுமா?”

“தெரியும்.”

“மீன்காரம்மா பூமயிலுக்குத் தெரியுமா?”

“தெரியும்லே.”

“காலைல நான் கூப்பிட்டப்ப போன் யார் கையில இருந்துச்சு?”

வாவுக்குப் பொய் வரவில்லை. “என் கையிலதான்” என்றார்.

“பூமயிலுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. முகத்தைப் பார்க்கக்கூட விடல. எனக்கு உம்மாவும் இல்ல, வாப்பாவும் இல்ல.”

அதோடு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு வாவு கூப்பிட்டால் மணி அடிக்கவில்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால் குரலைக் கேட்டதும் துண்டித்தான். மாஷிதாவிடமும் ரொம்ப நாள் பேசவில்லை. அவளுக்குக் குழந்தை பிறந்த பிறகு அவளோடு மட்டும் பேச ஆரம்பித்தான். வாப்பா பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவான்.

காலிதாவுக்கு ஆணையிட்டுக் கொடுத்த வார்த்தையை வாவு யாரிடமும் சொல்லவில்லை. கபுரில் கிடக்கிறவளைக் காட்டிக்கொடுத்துவிட்டு நான் நல்லவனாக வேண்டுமா என்று நினைத்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று.

ஒருநாள் மாஷிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். ஃபஹத் எப்படி இருக்கிறான் என்று வாவு வழக்கம்போல் கேட்டார்.

“இருக்கு. ரூம்ல யாரோடயும் பேசுறதில்லையாம். மத்தியானம் எந்திரிச்சா போன்ல கோல்ஃப் ஆடிட்டே கிடக்குமாம். வேலைக்குப் போற வரைக்கும் அதுதான். என்னமோ வைரம் ஜெயிச்சேன்னு ஒரு படம் அனுப்பிச்சு.”

“கோல்ஃபா? பணக்காரனுங்க ஆடுறதா?”

“போன்ல வாப்பா. தெரியாத ஆளுங்களோட ஆடுறது. இங்க பாருங்க.”

அவள் காட்டிய படத்தில் பச்சைப் புல்லும் ஒரு கொடியும் இருந்தன. மேலே, ஊர்ப்பெயரைச் சுருக்கிச் சேர்த்து, ஃபஹத் தேவி என்று பெயர். வாவு அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரை அணையும்வரை பார்த்தார்.

“இதுல நானும் போனா அவன் வருவானா?”

மாஷிதாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவர் போனில் அதை இறக்கி, தமிழில் மாற்றி வைத்து, விளக்கிச் சொன்னாள். வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று நான்கு படிகள். புதிதாக வருகிறவர்கள் வெண்கலத்தில்தான் தொடங்க வேண்டும். ஜெயித்தால் ஏற்றம், தோற்றால் இறக்கம். யாரோடு ஆடுவது என்று நாம் கேட்க முடியாது. ஒரே படியில் நிற்கிறவர்களை அதுவே சேர்த்துவிடும். நண்பராக அழைத்துப் பார்க்கலாம். அவள் வாவு பெயரில் அழைத்தும் பார்த்தாள். ஃபஹத் அதை ஏற்கவில்லை.

“அப்ப வைரத்துக்குப் போனாத்தான் அவன் எதிர்ல வருவான்.”

“அதுலயும் நிறையப் பேர் இருப்பாங்க. ஆனா மேல போகப் போக ஆளு கம்மி. காக்கா ஆடுற நேரத்துல ஆடினா என்னைக்காச்சும் மாட்டும். பேரை மட்டும் மாத்திக்கங்க. உங்க பேரைப் பார்த்தா ஓடிரும்.”

“வேணாம். ஒருதடவை மறைச்சது போதும். என் பேரே இருக்கட்டும்.”

அப்படித்தான் மத்தியான லுஹருக்கும் சாயங்கால அஸருக்கும் நடுவில், கடையில் கூட்டமில்லாத வேளையில், கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து அவர் ஆட ஆரம்பித்தார்.

பந்தை விரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஒரு முள் இடமும் வலமும் ஆடும். நடுவில் வரும்போது விரலை எடுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவே அவருக்கு வரவில்லை. கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கட்டைவிரலைத் திரை கண்டுகொள்ளவே இல்லை. ஆட்காட்டி விரலும் அப்படித்தான். கடைசியில் இடதுகைச் சுண்டுவிரல் ஒன்றுதான் மிருதுவாக இருந்தது. சுண்டுவிரலால் ஆடினார். முள் நடுவுக்கு வரும்போது எடுக்கலாம் என்று நினைத்து எடுத்தால் அது தாண்டிப் போயிருக்கும். பந்து குளத்தில் விழும், மணல் பள்ளத்தில் விழும், மரத்தில் முட்டித் திரும்பிவரும். எதிரே ஆடுகிறவர்கள் சிரிக்கிற முகத்தை அனுப்புவார்கள். சிலர் பாதியிலேயே அலுத்துப்போய், ‘சீக்கிரம்’ என்று தட்டிவிடுவார்கள்.

லாஞ்சுப் படகு ஓட்டும் மதார் ஒருநாள் கயிறு வாங்க வந்தவர் எட்டிப் பார்த்தார். “என்ன மச்சான் இது, பேரன் போனை வாங்கி வச்சிருக்கியா?”

“சும்மா” என்றார் வாவு.

காற்றுதான் அவரைக் கூடுதலாக அலைக்கழித்தது. திரையின் மூலையில் ஓர் அம்பும் ஓர் எண்ணும் இருக்கும். அதற்குத் தகுந்தபடி குறியை நகர்த்திவைக்க வேண்டும். தோணியில் பாய் பிடித்தவனுக்குக் காற்றைச் சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்தார். அது மட்டும் தனக்குக் கைகொடுக்கும் என்று நம்பினார். ஆனால் நகர்த்திய ஒவ்வொரு தடவையும் பந்து இன்னும் விலகிப் போயிற்று. வாரக்கணக்கில் அப்படியே தோற்றார். மாஷிதாதான் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கண்டுபிடித்தாள்.

“வாப்பா, அம்பு வலப்பக்கம் காட்டுது. நீங்க ஏன் வலப்பக்கமே தள்ளி வைக்கிறீங்க?”

“காத்து அங்கன இருந்துதானே வருது?”

“இல்ல, அங்கன போகுது.”

அவர் போனைக் கீழே வைத்துவிட்டார். கடலில் காற்றுக்கு அது புறப்பட்டு வரும் திசையை வைத்துத்தான் பேர். வடக்கிலிருந்து வந்தால் வாடை, மேற்கிலிருந்து வந்தால் கச்சான். எங்கே போகிறது என்று எவனும் கேட்டதில்லை. இந்த விளையாட்டு போகிற திசையை மட்டும்தான் சொன்னது. தெரிந்திருந்த ஒன்றையும் மறந்தால்தான் ஆடமுடியும் என்று ஆயிற்று. அதை மறக்கவும் அவருக்கு வெகுநாள் பிடித்தது.

பிறகு மெல்லப் பிடிபட்டது. யூடியூபில் யாரோ இந்தியில் சொல்லிக்கொடுப்பதைச் சத்தத்தை அணைத்துவிட்டு, அந்த ஆளின் விரலை மட்டும் பார்த்தார். உயரமாக அடித்தால் காற்று கூடுதலாகத் தள்ளும், தாழ்வாக அடித்தால் குறைவாகத் தள்ளும் என்று தெரிந்துகொண்டார். பந்து விழும் இடம் வேறு, நிற்கும் இடம் வேறு. குழியைப் பார்த்து அடிக்கக்கூடாது, உருண்டுபோய்ச் சேரும்படி முன்னாலேயே விழ அடிக்க வேண்டும். முள் நடுவுக்கு வரும்போது இல்லை, வருவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் விரலை எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டால் விரல் நடுங்காது. பயிற்சி மைதானத்தில் ஒரே குழியைத் திரும்பத் திரும்ப அடித்தார். காற்று எண் எவ்வளவு இருந்தால் குறியை எத்தனை வளையம் தள்ளுவது என்பது மனசுக்குள் தானாக வர ஆரம்பித்தது. வெள்ளிக்கு ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார். கடைக்கு வந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். தங்கத்தில் பல மாதம் கிடந்தார். அங்கே ஆடுகிறவர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள். ஒரு குழி ஜெயிப்பதற்குள் அவர் சட்டை நனைந்துவிடும்.

வைரத்துக்கு ஏறிய அன்று மாஷிதா வீட்டுக்கு நடந்தே போய்ச் சொன்னார். அவள் ‘மாஷா அல்லாஹ்’ என்றாள்.

அதன்பிறகு தினமும் காத்திருப்பு. ஆட்டத்தைத் தொடங்கும்போதெல்லாம் எதிராளியின் பெயர் வரும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். யார் யாரோ வந்தார்கள். அரபிப் பெயர்கள், புரியாத எழுத்துகள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தபோது, திரையில் ஒரு பக்கம் வாவு முகம்மது என்றும் மறுபக்கம் ஃபஹத் தேவி என்றும் வந்தது.

அவருக்கு அடிக்கக் கை வரவில்லை. அதில் எழுதிப் பேச முடியாது. நல்ல அடி, நன்றி, மன்னிக்கவும், இன்னொரு ஆட்டம் என்று தயாராக இருக்கும் சில வார்த்தைகளைத் தட்டி அனுப்பலாம், அவ்வளவுதான். எதை அனுப்புவது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே திரை மாறியது. ‘எதிராளி வெளியேறிவிட்டார். நீங்கள் வென்றீர்கள்.’ வண்ணக் காகிதங்கள் பறந்தன.

அடுத்த வாரம் மறுபடி வந்தான். மறுபடி அதே கதை. பெயரைப் பார்த்ததும் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. ஏன் என்று மாஷிதாதான் பார்த்துச் சொன்னாள். பாதியில் போனால் அது தோல்விக் கணக்கு. ஃபஹத் தங்கத்துக்கு இறங்கிவிட்டான். இவர் ஜெயித்த கணக்கில் வைரத்திலேயே இன்னும் மேலே போய்விட்டார். இனி இரண்டு பேரையும் அது சேர்க்காது.

“அவன் ஓட ஓட நான் ஜெயிக்கிறேன். நான் ஜெயிக்க ஜெயிக்க அவன் தூரமாப் போறான். என்ன விளையாட்டு இது மாஷிதா?”

“விட்ருங்க வாப்பா.”

அவர் விடவில்லை. தோற்க ஆரம்பித்தார். நன்றாக அடிக்கப் பழகிய விரலால் வேண்டுமென்றே தப்பாக அடித்தார். அது சுலபமாக இல்லை. முள் நடுவுக்கு வரும்போது விரல் தானாக எழும்பத் துடித்தது. அதை அழுத்திப் பிடித்து, தாண்டிப் போக விட்டு எடுத்தார். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் குளத்தில் விழுந்து வளையம் வளையமாகக் கரைவதைப் பார்த்துக்கொண்டே தங்கத்துக்கு வந்து சேர்ந்தார். ஏறாமலும் இறங்காமலும் அங்கேயே நின்றார்.

மூன்றாவது தடவை ஃபஹத் வந்தபோது போகவில்லை.

வாவு மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தார். அவன் முறை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி நொடியில் பந்து எழும்பியது. நன்றாக அடித்தான். வாவு ‘நல்ல அடி’ என்று அனுப்பினார். பதில் இல்லை. இவர் அடித்தார். அவன் அடித்தான். ஒவ்வொரு தடவையும் அவன் நேரம் தீரும்வரை பொறுத்து அடித்தான். பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானோ, எழுந்து போய்விட்டு வருகிறானோ என்று தெரியவில்லை. ஆனால் இருந்தான். இத்தனை காலத்துக்குப் பிறகு, ஒரே நேரத்தில் ஒரே இடத்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது குழி நடக்கும்போது அஸர் பாங்கு சொன்னது. வாவு எழுந்திருக்கவில்லை. ‘யா அல்லாஹ், கொஞ்ச நேரம்’ என்று முணுமுணுத்தார். ஆறாவது குழியில் அவர் அடித்த பந்து நேராகக் குழியருகே போய் நின்றது. அப்போது அவர் ‘மன்னிக்கவும்’ என்பதைத் தட்டினார். நன்றாக அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்பதற்கு அந்த விளையாட்டில் அர்த்தமே இல்லை. அடுத்த குழியிலும் அதையே அனுப்பினார். அதற்கடுத்ததிலும் அனுப்பினார். அந்தப் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஒன்பதாவது குழி. இரண்டு பேரும் சமம். ஃபஹத் அடித்த பந்து குழி விளிம்பில் நின்றது. வாவுக்கு ஒரு முழத் தூரத்து உருட்டல்தான் பாக்கி. உருட்டினால் ஜெயம். ஜெயித்தால் மறுபடி மேலே போக வேண்டும், மகனை விட்டுத் தூரமாக. அதைவிட, தன் கையால் அவனை ஒருதடவையாவது ஜெயிக்க வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. முள் நடுவைத் தாண்டிப் போகும்வரை விட்டு விரலை எடுத்தார். பந்து குழியைத் தொடாமல் பக்கவாட்டில் ஓடியது.

ஃபஹத் தன் பந்தைத் தட்டவே இல்லை. நேரம் முழுவதும் ஓடித் தீர்ந்தது. பிறகு வெளியேறிவிட்டான். வண்ணக் காகிதங்கள் இவர் பக்கம் பறந்தன.

இரண்டு நாள் கழித்து மாஷிதா கடைக்கு வந்தாள். குழந்தையைத் தூக்கிவரவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் வாவு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“காக்கா பேசிச்சு.”

“என்ன சொன்னான்?”

“வேணாம் வாப்பா.”

“சொல்லு.”

அவள் கயிற்றுச் சுருளில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ரூம்ல ஆறு பேரு, கிடங்குல குளிரு, எனக்குன்னு இருந்தது அந்த விளையாட்டு ஒண்ணுதான், அங்கனயும் வந்துட்டாருன்னு சொல்லுச்சு. முழுசா ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்போம்னுதான் அன்னைக்கு உட்கார்ந்துச்சாம். கடைசில நீங்க வேணும்னே விட்டுக்குடுத்தீங்களாம். உம்மா விசயத்துலயும் இப்படித்தான், எனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாம அவரே முடிவு பண்ணாரு, இப்பவும் அதையே பண்றாருன்னு...” அவள் நிறுத்தினாள். “அந்த ஆட்டத்தையே அழிச்சிட்டேன்னு சொல்லிரச் சொல்லுச்சு.”

வாவு கழற்றிய கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். வெளியே யாத்திரிகர்கள் ஒரு கூட்டமாகப் பேசிக்கொண்டு போனார்கள். பிறகு, காலிதா இறந்த நாளிலிருந்து முதல்முறையாக, அந்தக் காரில் திருப்புவனம் தாண்டி நடந்ததைச் சொன்னார். அவள் என்ன கேட்டாள், தான் என்ன சத்தியம் செய்தார் என்பதையெல்லாம் சொன்னார்.

மாஷிதா எழுந்து நின்றுவிட்டாள். “இதை ஏன் வாப்பா சொல்லல? அன்னைக்கே சொல்லியிருந்தா காக்கா...”

“சொன்னா என்ன ஆகும்? இப்ப அவனுக்கு வாப்பா ஒருத்தன்தான் கெட்டவன். உம்மா நல்லவளாவே இருக்கா. அதையும் கெடுக்கவா? நீ சொல்லாத.”

அவள் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் ஃபஹத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்: “இத்தனை நாள் இல்லாம இப்ப மவுத்தானவ மேல பழியைப் போடுறாரா? உம்மா அப்படிச் சொல்லியிருக்காது. நான் வருவேன்னு அதுக்குத் தெரியும்.” இனி வாப்பா பேச்சை எடுத்தால் அவளோடும் பேசமாட்டேன் என்றான். அந்த விளையாட்டை இனி ஜென்மத்துக்கும் தொடப்போவதில்லை என்றும் சொன்னான்.

அவள் அதை வாவிடம் சொல்லவில்லை. ஆனாலும் அவளைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. “சொல்லிட்டியா?” என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. அவள்தான் அழுதாள். அவர் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார்.

அவர் போனிலிருந்தும் அந்த விளையாட்டை எடுத்திருப்பார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சில மாதங்களுக்குப் பிறகு, வாடை தொடங்கி லாஞ்சுகள் கடலுக்குப் போகாத ஒரு மத்தியானம், ஆணம் கொடுக்கக் கடைக்குப் போனபோது அவர் ஆடிக்கொண்டிருந்தார். அவள் பின்னால் நின்று பார்த்தாள். மூலையில் வெண்கலம் என்று இருந்தது. எதிரே ஆடியது யாரோ புதிய ஆள். பந்தை எப்படி இழுப்பதென்றுகூட அந்த ஆளுக்குத் தெரியவில்லை. வாவு அடித்த பந்து நேராகக் குளத்தில் போய் விழுந்தது. அடுத்ததும் குளத்தில் விழுந்தது. அவர் ‘நல்ல அடி’ என்று அந்த ஆளுக்கு அனுப்பினார்.

“வைரம் வரைக்கும் போன ஆளு, ஏன் வாப்பா இங்கன கிடந்து தோக்குறீங்க?”

“அவன் அழிச்சிட்டான்ல? என்னைக்காச்சும் மனசு கேக்காம வேற பேர்ல திரும்ப வருவான். புதுசா வாரவங்க எல்லாரும் இங்கனதான் முதல்ல வரணும். நான் ஜெயிச்சு மேல போயிட்டா, அவன் வந்தது எனக்குத் தெரியாமப் போயிரும்.”

மாஷிதா ஆணச் சட்டியைப் பலகையில் வைத்தாள். இனி ஜென்மத்துக்கும் தொடமாட்டேன் என்று ஃபஹத் சொன்ன கடைசி வார்த்தை அவள் நாக்குவரை வந்தது. வாவு திரையில் எதிராளியின் பெயர் மாறுவதற்காகக் காத்திருந்தார். வேறொரு பெயர் வந்தது. அதைக் கண்ணருகே கொண்டுபோய் நிதானமாக வாசித்தார். பிறகு சுண்டுவிரலைத் திரையில் வைத்து, பந்தைக் குளத்தின் பக்கமாகத் திருப்பினார்.

“சாப்பிட்டுட்டு ஆடுங்க வாப்பா” என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.